ஷில்லின் தீர்ப்புகள் மேல்முறையீட்டில் என்ன ஆயின?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மனியில் தனி மாநிலமாகவே இருக்கும் ஹாம்பர்க் நகரின் முன்னாள் நீதிபதி ரொனால்டு ஷில் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 2001 தேர்தலில் அவர் அள்ளிய வாக்குகளை விரிவாகச் சொன்னது. அந்த வாக்குகளைத் தேடித்தந்த தீர்ப்புகள் மேல் நீதிமன்றத்துக்குப் போன பிறகு என்ன ஆயின என்று ஒரு வரிகூட இல்லை. அவரைப் புரிந்துகொள்ள அதுதான் முக்கியம் என்பதால் இதை எழுதுகிறேன்.

1958இல் பிறந்த ஷில், 1993 முதல் ஹாம்பர்க்கின் அம்ட்ஸ்கெரிக்ட் எனப்படும் ஆரம்ப நிலை நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். மனநலம் பாதிக்கப்பட்ட ஒரு பெண் கார்களைக் கீறிச் சேதப்படுத்திய வழக்கு 1996இல் அவரிடம் வந்தது. இரண்டரை ஆண்டு சிறை என்று தீர்ப்பளித்தார். அந்த ‘இரண்டரை’யைக் கவனிக்க வேண்டும். ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி, இரண்டு ஆண்டு வரையிலான சிறைத்தண்டனையைத்தான் நிறுத்திவைத்து, குற்றவாளியை நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விடமுடியும். இரண்டுக்கு மேல் ஒரு மாதம் கூடினாலும் அந்த வழி அடைபட்டுவிடும். கூடுதலாக வந்த அந்த ஆறு மாதம், சிறைக்குப் போவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்துவிட்டது.

‘இரக்கமற்ற நீதிபதி’ என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை நிற்கவில்லை. ஆரம்ப நிலை நீதிமன்றத்தின் குற்றவியல் தீர்ப்பை எதிர்த்து ஒரு வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அடுத்த படியான லாண்ட்கெரிக்டில் ஒரு நீதிபதியும் பொதுமக்களிலிருந்து வரும் இரண்டு கௌரவ நீதிபதிகளும் சாட்சிகள் உட்பட வழக்கை மறுபடி விசாரிப்பார்கள். தண்டனை அறிவித்த நாளில் வந்த தலைப்புச் செய்தி, அது மாற்றப்பட்ட நாளில் அதே அளவில் வருவதில்லை. ஷில்லின் புகழ் வளர்ந்தது இந்த இடைவெளியில்தான்.

அடுத்தது, கட்டுரை ‘தண்டிக்கப்பட்ட நீதிபதி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட விவகாரம். 1999இல் ஒரு விசாரணையில் குழப்பம் விளைவித்ததாக இரண்டு பார்வையாளர்களை மூன்று நாள் காவலில் வைக்க ஷில் உத்தரவிட்டார். நீதிமன்ற ஒழுங்கைக் காக்க ஒரு வாரம் வரை இப்படிக் காவலில் வைக்க ஜெர்மன் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அதை எதிர்த்து மாநில உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம், ஆனால் முறையிட்டதாலேயே காவல் நின்றுவிடாது. ஆகவே கோப்பு எவ்வளவு சீக்கிரம் மேலே போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மூன்று நாள் காவலில் கோப்பு இரண்டு நாள் மேசையில் கிடந்தால், முறையீட்டு உரிமை பேருக்குத்தான் மிஞ்சும்.

கோப்பை அனுப்பாமல் இழுத்தடித்தார் என்று ஷில் மீதே வழக்குப் போட்டார்கள். 2000 அக்டோபரில் லாண்ட்கெரிக்ட், ‘சட்டத்தை வளைத்தல்’ என்ற குற்றத்துக்காக 12,000 மார்க் (ஜெர்மனியின் அன்றைய நாணயம்) அபராதம் விதித்தது. 2001 செப்டம்பர் 4 அன்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. டிசம்பரில் விடுதலை. எனவே அவரைத் தண்டிக்கப்பட்டவர் என்று எழுதுவது தவறு. அவருக்குப் பிடிக்காத அதே மேல்முறையீட்டு ஏற்பாடுதான் அவரையும் காப்பாற்றியது.

தேதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2000 ஜூலையில் கட்சி தொடங்கினார். 2001 செப்டம்பர் 4இல் தண்டனை ரத்து. ஒரு வாரம் கழித்து நியூயார்க் தாக்குதல். விமானக் கடத்தல்காரர்களில் சிலர் ஹாம்பர்க்கில் வசித்தவர்கள் என்று தெரிந்தது. செப்டம்பர் 23இல் வாக்குப்பதிவு. அவர் கட்சிக்குக் கிடைத்தது 19.4 சதவீதம், ஹாம்பர்க் சட்டமன்றத்தின் 121 இடங்களில் 25. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் 33, சுதந்திர ஜனநாயகக் கட்சியின் 6 ஆகியவற்றோடு சேர்ந்து 64. சமூக ஜனநாயகக் கட்சியின் 44 ஆண்டுத் தொடர் ஆட்சி முடிந்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ஓலே ஃபான் பாய்ஸ்ட் மாநில அரசின் தலைவரான ‘முதல் மேயர்’ ஆனார். ஷில் அவருக்கு அடுத்த ‘இரண்டாவது மேயர்’, உள்துறை அமைச்சர்.

100 நாளில் குற்றங்களைப் பாதியாக்குவேன் என்பது அவருடைய வாக்குறுதி. அது நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. நீதிபதியிடம் ஒரு வழக்கு வரும், அதை அவரே முடிப்பார். அமைச்சருக்கு ஆள் எடுக்க வேண்டும், பயிற்சி தர வேண்டும், நிதிநிலை அறிக்கையில் பணம் ஒதுக்கவைக்க வேண்டும். 100 நாளில் ஒரு காவலரைக்கூடப் பயிற்சி முடித்துத் தெருவுக்கு அனுப்ப முடியாது. 2002 ஆகஸ்ட் 29இல் வெள்ள நிவாரண விவாதத்தின்போது கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் பேச வந்தவர், நேரம் முடிந்தும் நிறுத்தவில்லை. அவையை நடத்திய துணைத்தலைவர் அன்கே ஃபுக்ஸ் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார். அடுத்த மாதக் கூட்டாட்சித் தேர்தலில் கட்சிக்கு 0.8 சதவீதம். 2003 ஆகஸ்ட் 19இல், தன் அந்தரங்க வாழ்வை வெளியிடுவதாக மிரட்டினார் என்று குற்றஞ்சாட்டி பாய்ஸ்ட் அவரைப் பதவிநீக்கம் செய்தார். ஷில் அதை மறுத்தார். 2004 பிப்ரவரியில் ஹாம்பர்க் தேர்தலில் வேறொரு கட்சிப் பெயரில் போட்டியிட்டு 3.1 சதவீதத்தில் நின்றார்.

இன்னொரு திருத்தம். ‘நீதிபதியாக இருந்தபடியே அமைச்சரானார்’ என்கிறது கட்டுரை. ஜெர்மன் நீதிபதிகள் சட்டத்தின் 4ஆவது பிரிவு அதை அனுமதிக்காது. சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை ஏற்றாலோ அமைச்சராக நியமிக்கப்பட்டாலோ, நீதிபதிப் பணி தானாகவே நின்றுவிடும் (பிரிவு 36). ஆனால் திரும்பிவர வழி உண்டு. கூட்டாட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், பதவி முடிந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால், அடுத்த மூன்று மாதத்துக்குள் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வழி எங்கே சிக்கலாகிறது என்பதை டிரெஸ்டன் நீதிபதி யென்ஸ் மையர் வழக்கு காட்டியது. 2017 முதல் 2021 வரை ஏஎஃப்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் கூட்டாட்சி நாடாளுமன்ற உறுப்பினர். திரும்பிவர உரிமை கோரியதும், டிரெஸ்டன் அடங்கிய சாக்சனி மாநிலத்தின் அரசு டிப்போல்டிஸ்வால்டே நீதிமன்றத்தில் இடம் தரவேண்டியதாயிற்று. பிறகு அரசே அதே நீதிபதிகள் சட்டத்தின் 31ஆவது பிரிவின் கீழ் வழக்குத் தொடுத்தது. நீதிபதி வேலைக்கு வெளியே அவர் நடந்துகொண்ட விதம் நீதித்துறை மீதான நம்பிக்கையைக் கடுமையாகக் குலைக்குமானால், அவரைக் கட்டாய ஓய்வில் அனுப்ப அந்தப் பிரிவு இடம் தருகிறது. லைப்சிக்கில் உள்ள நீதிபதிகளுக்கான பணி நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2023 அக்டோபரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த முடிவை எடுத்தது நீதிமன்றம்தான். அமைச்சர் ஒரு கையெழுத்தில் நீதிபதியை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

கட்டுரையின் அடுத்த பகுதியில் 2001 செப்டம்பர் 4 தீர்ப்பையும், கார் வழக்கின் மேல்முறையீட்டையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்