நான் குடியிருக்கும் தெருவைப் பற்றி எனக்கே தவறான அறிக்கை: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
உங்கள் வீடு வாங்குவோர் ஆலோசனைத் திட்ட வாடிக்கையாளர்
(பெயர், வாடிக்கையாளர் எண், முகவரி ஆகியவை உறையின் மேல்)

பெறுநர்:
தலைமை மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பகுதி அறிக்கையில் (வீடு இருக்கும் பகுதியைப் பற்றிய அறிக்கை) உள்ள தவறுகள், விற்பனையாளரிடம் தரகு பெறுவதை மறைத்தது, கட்டணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் ஆலோசனைத் திட்டத்தில் முழுக் கட்டணமும் கட்டிச் சேர்ந்தவள் நான். அதற்குப் பதிலாக நீங்கள் தந்தவை ஒரு பகுதி அறிக்கையும், எனக்குப் பொருத்தமானவை என்று மூன்று வீடுகளின் பட்டியலும். இரண்டுமே சரியில்லை. தொலைபேசியில் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ எடுக்கிறார்கள், முதலிலிருந்து கேட்கிறார்கள், "நோட் பண்ணிக்கிட்டேன் மேடம்" என்று வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இப்போது எழுத்தில் தருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். என் தற்போதைய முகவரி உங்களிடம் இருக்கிறது. அறிக்கை தயாரித்தவர் அதை ஒரு தரம் பார்த்திருந்தால்கூடக் கொஞ்சம் யோசித்திருப்பார். நீங்கள் முதலிடத்தில் வைத்துப் பரிந்துரைத்த வீடு, நான் பல வருஷமாக வாடகைக்கு இருக்கும் அதே தெருவில், என் வீட்டுக்குச் சில வாசல் தள்ளி இருக்கிறது. சொந்த வீடு வாங்கினாலும் பழகிய பக்கத்திலேயே வாங்க வேண்டும் என்பது என் ஆசை, அதை விண்ணப்பத்திலும் எழுதியிருந்தேன். இங்கேயே இருப்பவளுக்கு ஆலோசனை எதற்கு என்று உங்கள் ஊழியர் ஒருவர் கேட்டார். தெருவில் குடியிருந்தால் தெரு தெரியும். எதிரே உள்ள நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, பத்திரத்தில் வில்லங்கம் உண்டா, கேட்கிற விலை நியாயமா என்பதெல்லாம் தெரியாது. அவற்றைப் பார்த்துச் சொல்வோம் என்று விளம்பரம் செய்தது நீங்கள்தான்.

அறிக்கைக்கு வருகிறேன்.

"வெள்ள அபாயம் மிகக் குறைவு, நூறாண்டுக்கு ஒருமுறை அளவு மட்டுமே" என்று அதில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு பச்சை நிற டிக். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறு வருஷம் நிம்மதி என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்ளும்படிதான் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அந்தக் கணக்குக்குப் பொருள், எந்த ஒரு வருஷத்திலும் அந்த அளவு வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே. இந்த வருஷம் வந்தாலும் அடுத்த வருஷம் அதே 1 சதவீதம் அப்படியே இருக்கும். வீட்டுக் கடன் 20 வருஷம் ஓடினால், அதற்குள் ஒருமுறையாவது தண்ணீர் வர வாய்ப்பு சுமார் 18 சதவீதம். 30 வருஷக் கடன் என்றால் 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேல். தவணை கட்டி முடிப்பதற்குள் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புள்ள ஒன்றை "மிகக் குறைவு" என்று ஆலோசகர் சொல்லலாமா? அதுவும் ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ வரும் வெள்ளத்துக்கான கணக்குதான். கனமழையில் வடிகால் அடைத்துத் தெருத்தண்ணீர் உள்ளே வருவதை அது கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் தெருவில் வருவது அந்தத் தண்ணீர்தான்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிது புதிதாகப் போட்டதில், இங்குள்ள பழைய வீடுகளின் வாசல் இப்போது சாலைக்குக் கீழே போய்விட்டது. நீங்கள் பரிந்துரைத்த வீடும் அந்த வரிசைதான். அதன் முன்சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட், மேலே உள்ளதைவிட ஒரு சாயல் வெளுப்பு. அந்தப் புதுப் பெயிண்டிலேயே மூலையில் உப்புப் பூத்து, விரலால் தொட்டால் மாவாக உதிர்கிறது. எதிர்வீட்டில் மின்சார மீட்டர் பெட்டி பழைய இடத்திலிருந்து கழற்றப்பட்டுத் தலைக்கு மேல் மாட்டப்பட்டிருக்கிறது. கீழே பழைய ஆணித் துளைகள் அப்படியே இருக்கின்றன. இவற்றில் எதுவும் உங்கள் அறிக்கையில் இல்லை. ஆனால் அதே சுவரின் படம் அட்டையில் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே வெட்டப்பட்டு.

அடுத்து, "பள்ளிக்கு 5 நிமிட நடை". வரைபடத்தில் வீட்டுக்கும் பள்ளிக்கும் நேர்கோடு போட்டால் 400 மீட்டர் வருகிறது. நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று வைத்தால் சரியாக 5 நிமிடம். கணக்கு சரிதான். அந்தக் கோடு ரயில் தண்டவாளத்தையும் அதன் மதில்சுவரையும் தாண்டிப் போகிறது என்பதுதான் சங்கடம். குழந்தைகள் மேம்பாலம் வரை போய், ஏறி, இறங்கி, மறுபக்கம் திரும்பி வர வேண்டும். சாலை வழியே சுமார் 1,400 மீட்டர். உங்கள் வேகத்திலேயே நடந்தால் 18 நிமிடம், அதுவும் படிக்கட்டையும் முதுகிலுள்ள பையையும் சேர்க்காமல். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கென்று ஒரு விதி உண்டு: நடை நேரத்தைச் சாலை வழித் தூரத்தை வைத்தே கணக்கிட வேண்டும், 80 மீட்டருக்கு 1 நிமிடம், மீதி இருந்தால் அதையும் முழு நிமிடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே விளம்பரத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு. நீங்கள் காசு வாங்கிக்கொண்டு தந்தது ஆலோசனை.

பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை, பூங்கா என்று அறிக்கையில் உள்ள எல்லாத் தூரமும் இதே நேர்கோட்டு முறையில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாக எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. மருந்துக்கடை மூடிப் பல காலம் ஆகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

"அமைதியான குடியிருப்புச் சூழல்" என்ற வரியைப் பற்றிக் கேட்டபோது, எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்ற என் கேள்விக்கு, களப் படங்கள் காலை 11 மணிக்கு எடுக்கப்பட்டவை என்று பதில் வந்தது. அந்த நேரத்தில் எங்கள் தெரு மட்டுமா, எந்தத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் போயாகிவிட்டது, பள்ளி நடந்துகொண்டிருக்கிறது. தெருக்கோடியில் உள்ள கிடங்கில் நள்ளிரவுக்குப் பிறகுதான் சரக்கு இறங்குகிறது. லாரி பின்னால் வரும்போது அடிக்கிற அந்த 'பீப் பீப்' ஓசையும் பின்கதவை இரும்பில் அறையும் சத்தமும் நாலு வீடு தாண்டிக் கேட்கும். சாலைப் போக்குவரத்து இரைச்சல் இரவில் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பரிந்துரைக்கிறது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். இங்கே எத்தனை டெசிபல் என்று நான் சொல்லப்போவதில்லை. கைப்பேசிச் செயலி காட்டும் எண்ணை ஆதாரமாக வைத்துச் சண்டை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் அளந்தீர்களா என்பதே கேள்வி. அளக்கவில்லை என்றால் 'அமைதி'க்கு நேரே 5-க்கு 4.6 மதிப்பெண் எங்கிருந்து வந்தது? தசமப் புள்ளி வேறு!

இதே கேள்வியைத் தொலைபேசியில் கேட்டபோது கிடைத்த பதில்: "அது சிஸ்டம்ல இருந்து வர்ற ஸ்கோர் மேடம், நாங்க போடறது இல்ல." அப்படியானால் விளம்பரத்தில் உள்ள 'எங்கள் உள்ளூர் நிபுணர்கள்' யார்?

வீட்டுக்கு எதிரே உள்ள காலி மனையை "பசுமைவெளியைப் பார்த்த வீடு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தனியார் மனை. இப்போதைக்குப் புதர் மண்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு அங்கே ஐந்து மாடி எழும்பினால் வெளிச்சமும் காற்றும் போகும், பார்க்க வேறு சுவர் வரும். அந்த இடத்தின் நிலப் பயன்பாட்டு வகை என்ன, எவ்வளவு உயரம் கட்ட அனுமதி, பக்கத்துச் சாலையை விரிவாக்கும் திட்டம் இருக்கிறதா என்று திட்ட அலுவலகத்தில் கேட்டுச் சொல்வது ஆலோசகரின் முதல் வேலை. என்னால் எளிதில் செய்ய முடியாததும் உங்களால் முடிந்ததுமான ஒரே வேலை அதுதான். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பராமரிப்பு நிதி, நிலுவையில் உள்ள பழுது வேலைகள், வண்டி நிறுத்தும் உரிமை பத்திரத்தில் வருகிறதா வாய்மொழியா, மேல்தளத்தில் தண்ணீர் அழுத்தம், இவையும் இல்லை.

இல்லாதவை இருக்கட்டும், இருக்கக் கூடாத ஒரு வரி இருக்கிறது: "ஒரே மாதிரியான நல்ல குடும்பங்கள் வசிக்கும் பகுதி." யாரை வைத்து இதை எழுதினீர்கள்? எங்கள் தெருவில் பல தரப்பட்டவர்கள் இருக்கிறோம். கிடங்கில் வேலை செய்கிறவர்கள், தனியாக இருக்கும் பெண்கள், அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், பெரியவர்கள். இரவு யாருக்காவது நெஞ்சுவலி என்றால் முதலில் வண்டி எடுப்பது கிடங்கு ஆட்கள்தான். வாங்குகிறவருக்கு உண்மையில் உதவுகிற விவரமும் இதுதான். யார் எப்படிப்பட்டவர் என்று வடிகட்டிச் சொல்வது ஆலோசனையில் சேராது, அமெரிக்காவில் வீட்டுத் தரகர்கள் இனம், மதம் பார்த்து அப்படி ஆட்களைத் திசைதிருப்புவது சட்டவிரோதம். அந்த வரியை எல்லா அறிக்கைகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு தவறும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பது ஏன் என்று யோசித்தேன். வெறும் கவனக்குறைவு என்றால் ஒன்றிரண்டு தவறாவது வீட்டுக்குப் பாதகமாக விழுந்திருக்கும். இங்கே எல்லாமே விற்கிறவருக்குச் சாதகம். விடை உங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், படிக்கவே முடியாத எழுத்தில் இருந்தது: பரிந்துரைக்கும் வீடுகள் "பங்குதாரர் பட்டியலில்" இருந்து எடுக்கப்படலாம், அதற்கு நிறுவனம் "ஊக்கத்தொகை" பெறலாம். எனக்குத் தந்த மூன்று வீடுகளும் ஒரே விற்பனை நிறுவனத்தின் கையில் இருப்பவை. வாங்குகிறவளிடம் கட்டணம், விற்கிறவரிடம் தரகு. இரண்டு பக்கமும் வாங்குவது உங்கள் தொழில் முறை என்றால் அதைச் சேரும்போதே வாயால் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் ஆலோசகர் என்னிடம் பேசிய நேரம் முழுக்க "நாங்க உங்க பக்கம்" என்றுதான் சொன்னார்.

அறிக்கையின் அடியில் "தகவலுக்காக மட்டும்" என்று ஒரு வரி இருப்பதைக் காட்டித் தப்பிக்க வேண்டாம். தகவலுக்காகத்தான் கேட்டேன், தகவல்தான் தவறு.

நான் கேட்பவை இவை. கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும், 'சேவைக் கழிவு' எதுவும் பிடிக்கக் கூடாது. மூன்று வீடுகளுக்கும் நீங்கள் பெறும் அல்லது பெற இருந்த தரகு என்ன என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்புறம், எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது: இதே பகுதி அறிக்கையை உங்களிடம் வாங்கிய மற்றவர்களுக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும். நான் முன்பணம் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை. ஆனால் போன வாரம் ஒரு இளம் தம்பதி கையில் உங்கள் அட்டையோடு அந்த வீட்டு வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே பாருங்கள் என்று சொல்லி, சுவர் மூலையைக் காட்டி அனுப்பினேன். அந்த வேலையைச் செய்ய வேண்டியது நீங்கள்.

திருத்தும்போது ஆளை நேரில் அனுப்புங்கள். ஒருமுறை இரவு 12 மணிக்கு மேல், ஒருமுறை பள்ளி விடும் நேரத்தில், ஒருமுறை நல்ல மழை பெய்த மறுநாள். பள்ளிக்கு அவரே நடந்து போய்ப் பார்க்கட்டும். தெருவில் நான்கு கதவைத் தட்டி, தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்கட்டும், எல்லோரும் சொல்வார்கள். வந்தால் என்னையும் கேட்கலாம், உங்கள் மேல் கோபம் இருந்தாலும் தெருவைப் பற்றிச் சரியாகவே சொல்வேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் போவேன், அங்கே ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பெரிதாக்கிய நகலும் கொடுப்பேன். தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கட்டண ரசீது நகல், பகுதி அறிக்கை (தவறான வரிகள் அடிக்கோடிட்டது), சுவர் மற்றும் மீட்டர் பெட்டியின் படங்கள், பள்ளிக்குச் செல்லும் சாலை வழி குறித்த வரைபடம், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்க நகல்.