அப்பாவின் கல்வெட்டுக்கு உதவியவர்களுக்கு

அன்பான உறவுகளுக்கும் ஊரவர்களுக்கும்,

அப்பா காலமாகி ஒரு மாதத்தில் செய்யும் வீட்டுக்கிருத்தியம் நேற்று நிறைவேறியது. இந்த ஒரு மாதம் எங்களுக்கு எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத மனம் வரவில்லை. அப்பாவின் நினைவாக அச்சிட்டுக் கொடுத்த கல்வெட்டு என்ற நினைவு மலரைக் கையில் வாங்கிய பலர் முதலில் புரட்டிப் பார்த்தது வம்சாவளிப் பக்கத்தை. அந்தப் பக்கம் வெறுமையாய்ப் போகாமல் காத்தவர்களுக்கே இந்த மடல்.

வீட்டிலிருந்த காணி உறுதிகளும் பழைய கொப்பிகளும் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன. அப்பாவின் அப்பாச்சி எந்த வீட்டுப் பிள்ளை என்ற விபரம் அப்பாவோடேயே போய்விட்டது என்றுதான் நினைத்தோம். பழைய வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலையில் அரசர்கள் இருக்கிறார்கள், வந்து குடியேறிய தலைவர்கள் இருக்கிறார்கள்; புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிய பெண்கள் இல்லை. ஊர் வரலாற்று நூல்களில் கோயில் கட்டியவர்களும் பள்ளிக்கூடம் தொடங்கியவர்களும் வருவார்கள். குடும்பப் பெயர் இல்லாத எங்களுக்கு, பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கமும் சேர்ந்துவிட்டால், எழுதியிருப்பது பாட்டனையா பேரனையா என்று பிரிக்கவே முடியாது.

அந்த நேரத்தில்தான் சுன்னாகத்து ரீச்சரின் வீட்டுக்கு ஒருவர் வழி சொன்னார். எண்பது தாண்டியவர். எங்களுக்குச் சொந்தமில்லை, முன்பின் பழக்கமும் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை இழுத்துவந்தார். நிறையக் கல்வெட்டுகள். தான் போன செத்தவீடுகளில் கொடுத்தவை எல்லாவற்றையும் வேப்பிலை போட்டு அடுக்கி வைத்திருக்கிறார். இடம்பெயர்ந்தபோதும் அந்தப் பெட்டி அவரோடு போய்த் திரும்பியிருக்கிறது.

“ஆற்றை கல்வெட்டெண்டாலும் நான் எறியிறேல்லைத் தம்பி. அதிலை இருக்கிறதெல்லாம் ஆக்களெல்லோ” என்றார்.

பின் ஊசி துருப்பிடித்த ஒரு கல்வெட்டை எடுத்தார். அளவெட்டியில் காலமான ஒருவருடையது. சகோதரிகள் வரிசையில் அப்பாவின் அப்பாச்சியின் பெயர் வெறும் பெயராக அச்சாகியிருந்தது. பக்கத்தில் ரீச்சரின் பென்சில் எழுத்து: “மூத்தவ. கலியாணம் முடிச்சு ஏழாலைக்குப் போனவ. சீதனம் கிணத்தடி வளவு.” அச்சில் விட்டதையெல்லாம் செத்தவீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பாராம். பிறகு காணிப் பதிவகத்தில் எடுத்த சீதன உறுதியின் பிரதியிலும் அதே வளவுப் பெயர் இருந்தது. என் கை நடுங்கியது.

அந்தப் பிரதியைத் தேடித் தந்த உறுதி எழுதும் நொத்தாரிசின் லிகிதருக்கும், இரவிரவாகத் தொலைபேசியில் பெயர்களைச் சரிபார்த்த ரொறன்ரோ, லண்டன் மச்சான்மாருக்கும், கடைசி நேரத் திருத்தத்துக்கு முகம் சுளிக்காத அச்சகத் தம்பிமாருக்கும், நினைவு மலர்களையும் ஆவணமாக மதித்து இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும் நூலகம் நிறுவனத்தாருக்கும் எங்கள் நன்றி.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்ததைப் பற்றி எங்கள் தலைமுறை பேசாத நாள் குறைவு. ஆனால் காரியம் முடிந்து ஒரு கிழமையில் கல்வெட்டைப் பழைய பேப்பரோடு போடுகிறோம். தயவுசெய்து போடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெண் யாரோ ஒருத்தியின் பெயர் இன்னொரு வீட்டுக் கல்வெட்டில் மட்டும்தான் இருக்கும்.

அப்பாவின் கல்வெட்டில் முதலெழுத்து மட்டும் போட்டு ஒருவரையும் எழுதவில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பிறந்த ஊரும் தாய் தகப்பன் பெயரும் போட்டிருக்கிறோம்.

ரீச்சர், நீங்கள் சம்மதித்தபடி அடுத்த கிழமை ஸ்கானரோடு வருகிறேன். பெட்டி உங்கள் வீட்டை விட்டு வெளியே போகாது. உங்கள் பென்சில் எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி எல்லாவற்றையும் எடுத்து நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பேன்.

நன்றியுடன்,
மகன், குடும்பத்தினர் சார்பில்