திரைப்படச் சங்கம், புதுச்சேரி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் முடிய நடந்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

'கண்ணுக்கும் நிறைவு, கதையும் கெட்டி' என்பதுதான் இந்த ஆண்டுக்குப் பொதுக்குழு தந்த தலைப்பு. பரிந்துரைகள் குவிந்தன. அவற்றில் பல, அழகான ஃபிரேம்களைக் குவித்து வைத்த பூக்கூடைகள். கட்ட நார் இல்லை. எனவே தேர்வுக் குழு ஒரு வழி வைத்துக்கொண்டது. படத்தின் நடுவில் பத்து நிமிடத்தை ஒலியில்லாமல் பார்ப்பது. யார் எதை மறைக்கிறார், யாருக்கு யார்மேல் மனத்தாங்கல் என்று பிடிபட்டால் படம் உள்ளே. பிறகு அதே பகுதியைத் திரையை மூடிவிட்டுக் கேட்பது. ஒன்றும் குறையாமல் புரிந்துவிட்டால் அது வானொலி நாடகம், வெளியே.

சோதனையில் முதலில் தேறியது ஆல்பர்ட் லமோரிஸின் 'லே பலூன் ரூஜ்' ('சிவப்பு பலூன்', 1956). 34 நிமிடம், பேச்சு அநேகமாக இல்லை. ஆனாலும் சிறந்த திரைக்கதைக்கான ஆஸ்கர் வாங்கிய படம். சாம்பல் பூத்த பாரிஸ் தெருக்களில் ஒரே ஒரு சிவப்பு. அந்தச் சிவப்புதான் கதாபாத்திரம். பிள்ளைகளுக்கான காட்சிக்கு முன்னோட்டம் பார்த்தபோது புரொஜெக்டர் நிறங்களைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' நிலையில் இருந்தது. கடைப் பலகை, செங்கல், முகம் எல்லாமே சிவந்து, பலூன் கூட்டத்தில் ஒன்றாகிவிட்டது. 'சினிமா' நிலைக்கு மாற்றியதும் தெரு மங்கி, பலூன் முன்னுக்கு வந்தது. வெளிச்சம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. 10 அடி அகலமுள்ள நம் திரையின் பரப்பு சுமார் 56 சதுர அடி. அறை நன்றாக இருட்டாக இருந்தால் திரையில் வந்து விழும் 900 லூமென் (ஒளியின் அளவு) தாராளமாகப் போதும்.

அறை இருட்டாக இல்லை என்பதுதான் சிக்கல். 'நாயகன்' (1987) திரையிட்ட மாலை இது நன்றாகவே தெரிந்தது. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் பல இடங்களில் ஒளியைத் தலைக்கு மேலிருந்து விட்டு, கண்களை நிழலில் வைத்திருக்கிறார். வேலு நாயக்கர் என்ன நினைக்கிறார் என்று நமக்குத் தெரியாமல் இருப்பதே அந்தக் காட்சிகளின் வலு. புரொஜெக்டருக்குக் கறுப்பு என்ற நிறமே கிடையாது; வெளிச்சம் விடாமல் இருப்பதுதான் கறுப்பு. மேற்குச் சன்னலில் கசிந்த ஒளி நிழலைச் சாம்பலாக்கி, முகத்தைத் தட்டையாக்கிவிட்டது. இனி இருண்ட படங்களுக்கு ஏழு மணிக்கு முன் தொடங்குவதில்லை என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

அதிகம் உழைப்பு வாங்கியது வொங் கார்-வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' (2000). நாயகன், நாயகி இருவருடைய துணைவர்களின் முகமும் கடைசிவரை காட்டப்படுவதில்லை, குரலும் முதுகும்தான். நாள்கள் கழிவதைச் சொல்வது நாயகி மேகி சியுங் மாற்றும் உடைகள். நூடுல்ஸ் வாங்கத் தூக்குடன் அதே படியில் அவர் இறங்கும்போது உடை வேறு. அவ்வளவில் ஒரு வாரமோ மாதமோ போய்விடுகிறது. படத்தின் விகிதம், அதாவது உயரத்துக்கு அகலம், 1.66. நம் 16:9 திரையில் இருபுறமும் மெல்லிய கறுப்புப் பட்டை விழும். அதை நிரப்பலாமென்று 'ஸூம்' அழுத்தினால் மேலும் கீழுமாகப் படத்தில் பதினைந்தில் ஒரு பங்கு வெட்டுப்படும். கதவிடுக்கிலும் தாழ்வாரத்திலும் நெருக்கி வைத்து எடுத்த படத்தில் அந்த நெருக்கடியே போய்விடும்.

அதே படத்தின் தமிழ் வசனவரியிலும் (சப்டைட்டில்) ஒரு கோளாறு. தொடக்கத்தில் ஒட்டி வந்த வரி, 49-ஆம் நிமிடத்தில் இரண்டு நிமிடமும், 98 நிமிடப் படத்தின் இறுதியில் நான்கு நிமிடமும் முந்திக்கொண்டது. காரணம், நேரக்குறி விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பிரதிக்குப் போட்டது. நம்மிடம் இருந்தது 23.976. படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் ஜி, ஹெச் விசைகளால் தள்ளிப் பார்ப்பது இதற்கு உதவாது. அது எல்லா வரிகளையும் ஒரே அளவு நகர்த்தும், ஐந்து நிமிடத்தில் மறுபடி விலகும். வசனவரி திருத்தும் 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை 25-லிருந்து 23.976-க்கு மாற்றி, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமிக்க வேண்டும். யுடிஎஃப்-8 விட்டுப்போனால் தமிழ் எழுத்துகள் சிதைந்து வரும். முன்னோட்டத்தில் முதல், நடு, கடைசி என மூன்று இடங்களைப் பார்த்தால் போதும், இந்தத் தவறு மாட்டிக்கொள்ளும்.

'லைஃப் ஆஃப் பை' (2012) பற்றி இந்த ஊரில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்த் தாவரவியல் பூங்கா திரையில் வந்ததும் எழுந்த சலசலப்பு அடங்க நேரம் பிடித்தது. பறக்கும் மீன்கள் வரும் இடத்தில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், மீன்கள் அதைத் தாண்டிக் குதிக்கும்; இயக்குநர் வேண்டுமென்றே செய்தது. 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' (2014) இன்னும் ஒரு படி மேல்: 1930-களுக்கு 1.37, 1960-களுக்கு அகலத்திரை, பிந்தைய காலத்துக்கு 1.85. எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்பதைத் திரையின் வடிவமே சொல்லிவிடும். அன்று ரிமோட்டைத் தேடிய உறுப்பினர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன். இவ்விரண்டு படங்களுக்கும், திரையில் படம் விழாத ஓரங்களை மூடும் மறைப்புத் துணி கட்டக் கூடாது.

மற்ற படங்களுக்குத் துணி அவசியம். அகலத்திரைப் படங்களுக்கு மேலும் கீழும் 10 அடி நீளம், முக்கால் அடிக்குச் சற்றே குறைந்த அகலம், 1.37 பழைய படங்களுக்கு இருபுறமும் 14 அங்குலம். கறுப்பு வெல்வெட்டே நல்லது. சாட்டின் பளபளத்து ஒளியைத் திருப்பி அடிக்கும்.

பராமரிப்பில் இரண்டு விஷயம். கடற்காற்றின் உப்பும் ஈரமும் லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போனால் விளக்கு குளிர்வதற்குள் விசிறி நின்றுவிடுகிறது. விளக்கின் ஆயுள் குறைய இதுவே காரணம். சிறிய யுபிஎஸ் படத்தை ஓட்டி முடிக்காது, ஆனால் முறையாக அணைத்து விளக்கைக் குளிரவைக்கும் சில நிமிடங்களைத் தரும்.

ஆகவே பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு: மேற்குச் சன்னலுக்குத் தடித்த திரைச்சீலை, மேற்சொன்ன அளவில் வெல்வெட், ஒரு யுபிஎஸ். நிதி போதாவிட்டால் சன்னல் முதலில்.

இப்படிக்கு,
செயலாளர்