உள்ளங்கை சோரியாசிஸ்: மாலையிலும் ஒளி சிகிச்சை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

கை, கால்களில் சோரியாசிஸ் (தோல் தடித்துச் செதில் உதிரும் நோய்) வந்து, புற ஊதா ஒளி காட்டும் ஒளி சிகிச்சைக்குச் செல்பவர்களில் பலர் 'லைட் வைத்தும் கேட்கவில்லை' என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் சிகிச்சை முழுமையடையாததே காரணம். வாரம் இரண்டு, மூன்று முறை வீதம் 20 முதல் 30 அமர்வுகளாவது தேவை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவரோ மார்த்தாண்டம் முந்திரி ஆலைப் பெண்ணோ பகல் நேரத்தில் நாகர்கோவிலுக்கு வந்து போனால் அன்றைய கூலி போயிற்று. அந்த வேலைகளின் உராய்வும் முந்திரித்தோட்டு எண்ணெயும் நோயைக் கிளப்பிவிடவும் செய்யும்.

உள்ளங்கைத் தோல் மிகத் தடிமன். வழக்கமாகக் காட்டும் 311 நானோமீட்டர் அலைநீள யுவிபி (புற ஊதா-பி) ஒளி அதில் எளிதில் இறங்காது. அதனால் பலருக்கு, தோலை ஒளிக்கு எளிதில் வசப்பட வைக்கும் சோரலென் மருந்து கலந்த நீரில் கையை ஊறவைத்து உடனே யுவிஏ (புற ஊதா-ஏ) ஒளி காட்டும் 'பூவா' முறை கூடுதல் பலன் தருகிறது. ஆனால் இதில் ஒளி கூடிப்போனால் அன்றே தெரியாது. சிவப்பும் எரிச்சலும் இரண்டு மூன்று நாள் கழித்தே உச்சத்துக்கு வரும். விட்ட அமர்வை ஈடுகட்ட அடுத்தடுத்த நாள் வைப்பது கொப்பளத்தில்தான் முடியும். மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் பழைய அளவில் தொடராமல், குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

ஊறவைக்கும்போது உள்ளங்கை மூழ்கினால் போதும். புறங்கைத் தோல் மெல்லியது, சீக்கிரம் வெந்துவிடும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, பருத்திக் கையுறையும் காலுறையும் அணிந்தே வெளியே வரவேண்டும். பேருந்து ஜன்னலோர வெயிலும் சுடும். சாலிசிலிக் அமிலக் களிம்பு செதிலைக் கரைக்கும், ஆனால் யுவிபியைத் தடுக்கும். அதை இரவில் தடவிக் காலையில் கழுவிவிட வேண்டும். புற ஊதா ஒளியைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் விளக்கருகே உட்காரவே கூடாது. கர்ப்பிணிகளுக்குப் பூவா வேண்டாம். தொடங்கும் முன் தோலைச் சுரண்டிப் பூஞ்சைப் பரிசோதனை செய்வது அவசியம், குறிப்பாக ஒரு கையில் மட்டும் செதில் இருந்தால். இணையத்தில் விற்கும் கிருமிநாசினி விளக்குகள் யுவிசி (புற ஊதா-சி) வகை, சிகிச்சைக்கானவை அல்ல. வாங்கிக் கையில் காட்டிவிடாதீர்கள்.

சிகிச்சை மையங்கள் வாரம் இரு நாளாவது மாலை 5 மணிக்கு மேல் இயங்க வேண்டும். தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளில் கை, காலுக்கான சிறிய கருவி இருந்தால் குமரி மாவட்ட மேற்குப் பகுதி மக்களின் பாதி அலைச்சல் குறையும். ஒவ்வொரு முறையும் கொடுத்த ஒளி அளவை நோயாளியின் அட்டையில் எழுதித் தர வேண்டும். வேறு மையத்துக்குப் போனாலும் தொடர அதுதான் உதவும்.

இப்படிக்கு,
ஒளி சிகிச்சைப் பணியில் உள்ள செவிலியர்கள்,
நாகர்கோவில்.