மாநில சுயாட்சி கலெக்டர் ஆபீஸோடு நின்றுவிட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதியரசர் குரியன் ஜோசப் தலைமையில் தமிழக அரசு 2025இல் அமைத்த மாநில சுயாட்சிக் குழுவை வரவேற்று நீங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். அதில் மறுக்க ஒன்றுமில்லை. 1971இல் மத்திய - மாநில உறவை ஆராய்ந்த ராஜமன்னார் குழுவின் அறிக்கை, 1974இல் சட்டமன்றத் தீர்மானம் என்று இந்தக் கோரிக்கைக்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. ஆளுநர் மசோதாக்களைக் கிடப்பில் போட்ட விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனதையும் பார்த்தோம். தலையங்கம் தொடாமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். டெல்லியிடம் சண்டை போட்டுச் சென்னை வாங்கும் அதிகாரம், அதற்குக் கீழே இறங்குகிறதா?

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த தேர்தலில் வந்த ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டமும் அதில் சேர்த்தி. நானும் அப்போது வார்டு உறுப்பினராக வந்தவன்தான். தேர்தல் நடக்கவில்லை, ஊராட்சிக்குத் தனி அலுவலர் வந்துவிட்டார். அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள், சுமார் 12,500 ஊராட்சிகள். வகுத்துப் பாருங்கள், ஒரு ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பது ஊராட்சிக்கு மேல் வரும். இத்தனையையும் ஒரு அதிகாரி எப்படிப் பார்ப்பார்? மோட்டார் காயில் எரிந்து தண்ணீர் வரவில்லையென்றால் முன்பு தலைவர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடலாம். இப்போது ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டும். போனால், சார் மீட்டிங் போயிருக்கிறார் என்பார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை; அவருக்கு இருப்பதும் இரண்டு கைதான்.

ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த, ஊராட்சிகளுக்கான 73ஆவது திருத்தத்தின் அடிப்படையே அதுதான். அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்திச் சொன்னது: வாக்காளர் பட்டியல் திருத்தம் முடியவில்லையென்றால் இருக்கிற பட்டியலை வைத்தே தேர்தல் நடத்துங்கள், நியாயமற்ற சாக்குச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள் என்று. இங்கே வார்டு மறுவரையறை, நகராட்சியோடு இணைப்பு என்று காரணங்கள் வருகின்றன. பதவிக்காலம் எந்தத் தேதியில் முடியும் என்பது ஐந்து ஆண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம். கேரளத்தில் கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 டிசம்பரில்கூட உள்ளாட்சித் தேர்தலை நடத்தி முடித்தார்கள்.

இதை ஒரு கட்சியின் குற்றமாக மட்டும் எழுதிவிட முடியாது. 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலின் அறிவிப்பு, திமுக தரப்பு போட்ட வழக்கில் ரத்தானது. குறையைச் சரிசெய்து அந்த ஆண்டுக்குள் நடத்துங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அப்போது ஆட்சியில் இருந்த அதிமுக அதை 2019 டிசம்பர் வரை இழுத்தது. உள்ளாட்சி இல்லாத கொடுமையைச் சொல்லி ஊர் ஊராக ஊராட்சி சபைக் கூட்டம் நடத்தியது திமுக. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது ஆட்சியில் இருந்தது அவர்கள். நாற்காலிதான் மாறியிருக்கிறது.

சரி, தேர்தல் நடந்து தலைவர் வந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவைப் படித்தவர்களுக்குப் பதில் தெரியும். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பெயரில் மாவட்ட ஆட்சியர், தலைவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் விடலாம். விளக்கம் பிடிக்காவிட்டால் தாசில்தாரை வைத்து வார்டு உறுப்பினர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கலாம். அப்புறம் முடிவெடுப்பவர் ஆட்சியர்தான். ஊரே வரிசையில் நின்று நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரை ஒரு அதிகாரியின் உத்தரவு வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அதே 1994இல்தான் கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர்.பொம்மை தொடுத்த வழக்கின் தீர்ப்பும் வந்தது. 1976, 1980, 1991 என்று தமிழ்நாட்டில் ஆட்சிகளைக் கலைத்துத் தள்ளிய, அரசமைப்புச் சட்டத்தின் 356ஆவது பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது அதில்தான். பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதை ஆளுநர் மாளிகையில் தீர்மானிக்கக் கூடாது, சட்டமன்றத்தில் பார்க்க வேண்டும் என்றார்கள். கோட்டைக்குப் பொருந்தும் நியாயம் ஊராட்சி மன்றக் கட்டடத்துக்கு ஏன் பொருந்தவில்லை?

தலைவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. செய்யாத வேலைக்குப் பில் போட்டவர்களும், மனைவியைத் தலைவராக்கிவிட்டுத் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் உண்டு. அவர்களைத் தட்டிக்கேட்கத் தணிக்கை இருக்கிறது, கிராம சபை இருக்கிறது. காசோலையில் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. (அந்த இரண்டாவது கையெழுத்தை வைத்தே பட்டியலினத் தலைவர்களை முடக்கிப்போட்ட ஊர்கள் உண்டு என்பது தனிக் கதை.) தப்புச் செய்தவரை நீக்கத்தான் வேண்டும். அதை நீதித்துறை சார்ந்த ஒரு தனி அமைப்பு விசாரித்துச் செய்யட்டும். ஆட்சியர் மாநில அரசின் ஆள். அரசுக்கு வேண்டாத தலைவர் மேல் புகார் வந்தால் அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பணத்திலும் இதுதான் நிலைமை. மத்திய நிதி ஆணைய மானியத்தை நிறுத்திவிட்டார்கள் என்று 2016க்குப் பிறகு சென்னையிலிருந்து புகார் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாததால்தான் அது நின்றது. அரசமைப்புச் சட்டத்தின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு என்று 29 துறைகள் இருக்கின்றன. எதை ஊராட்சிக்குக் கொடுப்பது என்ற முடிவு சட்டமன்றத்திடம் இருக்கிறது. இத்தனை ஆண்டில் திட்டங்கள் வந்தன. அவற்றைத் தீட்டும் உரிமை வரவில்லை.

குரியன் ஜோசப் குழுவின் வேலை மத்திய - மாநில உறவு பற்றியது மட்டும்தான் என்பது தெரியும். ஆனால் அதில் இருக்கும் அசோக் வர்தன் ஷெட்டி ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளராக இருந்தவர். ஒன்றிய அலுவலகம் எப்படி இயங்குகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழுவின் ஆய்வு வரம்பில் உள்ளாட்சியையும் அரசு சேர்க்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல், தள்ளிப்போன தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் முதலில் ஒரு தேதி சொல்லட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர்,
புதுக்கோட்டை மாவட்டம்.