'பேலன்ஸ்' என்றால் வர வேண்டியதா, தர வேண்டியதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் சிறு தேயிலை விவசாயிகளின் கோரிக்கை பற்றி வெளியான செய்தியில் 'பேலன்ஸ் தொகை' என்ற சொல் மூன்று இடங்களில் வந்திருந்தது. முதல் இடத்தில் அது விவசாயிகளுக்கு வந்து சேர வேண்டிய இலைப் பணத்தையும், அடுத்த இடத்தில் அவர்கள் கட்ட வேண்டிய கடனையும், மூன்றாவது இடத்தில் வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்தையும் குறித்தது. 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்திய எனக்கே, செய்தியை இரண்டாவது முறை படித்த பிறகுதான் எது எந்தப் பணம் என்று பிரிந்தது. இதை எழுத்துப் பிழையைச் சுட்டும் கடிதமாகக் கருத வேண்டாம். இந்தச் சொல்லால் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நான் கோத்தகிரிக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். அடுத்த வீட்டு அக்காவுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை உண்டு. பறிக்கும் இலையை ஒரு தொழிற்சாலைக்குப் போட்டு வருகிறார். மாதம் முடிந்ததும் எடை, ஈரத்துக்கான கழிவு, விலை, முன்பணம், உரம் எல்லாவற்றையும் வரிசையாக அச்சடித்த ஒரு சீட்டு அவர் கைக்கு வரும். சென்ற ஆண்டு ஆனி மாதச் சீட்டின் கடைசி வரியில் 'பேலன்ஸ் 2,340' என்று இருந்தது. அக்கா அதை எடுத்து வந்து, "டீச்சர், இந்தத் தடவை ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பது வருது, பாப்பா ஃபீஸுக்கு ஆச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். நானும் அன்றைக்குக் கண்ணாடி இல்லாமல் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தேன். அந்தத் தவறு என்னுடையது. இருபது நாள் கழித்து விசாரிக்கப் போனபோதுதான், முன்பணமும் உரமுமாக அவர் வாங்கியது 10,000 ரூபாய், இலைக்கு வந்தது 7,660 ரூபாய், ஆகவே 2,340 ரூபாய் அவர்தான் தர வேண்டும் என்று சொன்னார்கள். கணக்கில் ஒரு ரூபாய்கூடத் தவறில்லை. யாரும் அவரை ஏமாற்றவும் இல்லை. ஆனால் அந்தப் பணத்தை நம்பிக் கல்லூரியில் நாள் சொல்லி வைத்திருந்தவர், மூக்குத்தியை அடகு வைத்துத்தான் கட்டணத்தைக் கட்டினார். இரண்டு மாதம் கழித்து வந்த சீட்டில் 'பேலன்ஸ் 610' என்று இருந்தது. இந்த முறை அது அவருக்கு வர வேண்டிய பணம். அதே சொல், அதே வரி, கூட்டல் குறியும் இல்லை, கழித்தல் குறியும் இல்லை. அக்கா பயந்துபோய்க் கேட்கவே போகவில்லை; கூப்பிட்டுத்தான் கொடுத்தார்கள்.

ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் சாய்கிறது என்பதற்கு அந்தச் சொல் பிறந்த கதையிலேயே விடை இருக்கிறது. லத்தீன் மொழியில் 'பி' என்றால் இரண்டு, 'லாங்க்ஸ்' என்றால் தட்டு. இரு தட்டுத் தராசு என்ற பொருளில் இருந்த அச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது. தராசிலிருந்து அது கணக்கேட்டுக்கு வந்த விதம்தான் நமக்கு முக்கியம். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இரண்டாகப் பதியும் இரட்டைப் பதிவு முறையில் ஒரு கணக்கை முடிக்கும்போது, குறைவாக உள்ள பக்கத்தில் வித்தியாசத் தொகையை எழுதி இரு பக்கக் கூட்டுத்தொகையையும் சமமாக்குவோம். இத்தாலிய வணிகர்களின் இந்த வழக்கத்தை லூக்கா பாசியோலி என்ற இத்தாலியக் கணித அறிஞர் 1494-இல் வெனிஸ் நகரில் அச்சில் விளக்கினார். அக்காவின் கணக்கையே எடுத்துக்கொண்டால், ஒரு பக்கம் 10,000, மறுபக்கம் 7,660 இருக்க, குறைந்த பக்கத்தில் 2,340 எழுதினால் தட்டுகள் நேராகும். தட்டை நேராக்கப் போட்ட அந்தத் தொகைக்கே தராசின் பெயர் வந்துவிட்டது. அதனால்தான் ஆங்கிலத்தில் சமமாக இருப்பதும் 'பேலன்ஸ்', சமமாகாமல் எஞ்சி நிற்பதும் 'பேலன்ஸ்'. அந்த மொழியின் கணக்கர்கள் கணக்கேட்டில் பொதுவாக அதைத் தனியாக விடமாட்டார்கள். பக்கத்தில் பற்றா வரவா என்று குறித்துவிடுவார்கள். நாம் சொல்லை எடுத்துக்கொண்டு குறியை விட்டுவிட்டோம்.

நமக்கோ இந்த இடங்களுக்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் புழக்கத்திலேயே இருக்கின்றன. கையில் அல்லது கணக்கில் இருப்பது இருப்பு. கட்டாமல் நின்றுபோனது நிலுவை. செலவு போக எஞ்சியது மீதி. அதையே வீட்டில் மிச்சம் என்கிறோம். கொடுக்கல் வாங்கலில் தீராமல் கிடப்பது பாக்கி. இந்தப் பாக்கி அரபியிலிருந்து உருது வழியாக வந்தது, தராசு பாரசீகத்திலிருந்து வந்தது என்பதை அறிவேன்; வேற்று மொழிச் சொல் என்பதற்காக எதையும் விலக்கச் சொல்பவள் அல்ல நான். பாக்கி வந்து நம் பேச்சைத் துல்லியமாக்கியது. 'பேலன்ஸ்' வந்து, பிரித்துப் பேசத் தெரிந்த நம்மைக் குழப்பியிருக்கிறது. பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருப்பாய்வு (டிரயல் பேலன்ஸ்), இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்), வங்கிச் சரிகட்டும் பட்டியல் (பேங்க் ரீகன்சிலியேஷன்) என்று மூன்று வேறு வேலைகளுக்கு மூன்று சொற்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். வெளியே வந்ததும் மூன்றும் அவர்கள் வாயில் ஒன்றாகிவிடுகின்றன.

பேச்சு வழக்கை நான் குறை சொல்லவில்லை. குன்னூர் பேருந்தில் நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநர் டிக்கெட்டின் பின்புறம் தொகையைக் கிறுக்கிக் கொடுத்து, "பேலன்ஸ் எறங்கும்போது வாங்கிக்கோங்க" என்கிறார். அடுத்த வளைவில் பேருந்து திரும்பும்போது அவரே, "பேலன்ஸ் புடிச்சு நில்லுங்கம்மா" என்கிறார். இரண்டும் யாருக்கும் குழம்புவதில்லை, ஏனென்றால் முன்னதில் கையில் டிக்கெட் இருக்கிறது, பின்னதில் உடம்பு சாய்கிறது. கைபேசியில் 'பேலன்ஸ் தீர்ந்துவிட்டது' என்பதும் அப்படித்தான். இலை எடை போடும் இடத்தில் கொக்கியில் சாக்கைத் தொங்கவிடும் கருவியைக்கூட ஆங்கிலத்தில் ஸ்பிரிங் பேலன்ஸ் என்கிறார்கள். அதில் இரண்டு தட்டும் இல்லை, எதையும் எதனோடும் நேராக்குவதும் இல்லை, சுருள்வில் எவ்வளவு நீள்கிறது என்பதை முள் காட்டுகிறது, அவ்வளவுதான். நேருக்கு நேர் பேசும்போது இடமும் முகமும் பொருளைச் சொல்லிவிடுகின்றன. அச்சடித்த சீட்டுக்கும் நாளிதழுக்கும் அந்தத் துணை கிடையாது.

பணத்துக்கு வெளியிலும் இந்தச் சொல் ஓர் இழப்பை உண்டாக்குகிறது. விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு, ஏழரை மணிக்கு மலைச்சரிவில் கொழுந்து பறிக்க நின்று, மாலையில் விறகோடு திரும்பும் பெண்ணைப் பற்றி எழுதும்போது, அவர் 'வீட்டையும் வேலையையும் பேலன்ஸ் செய்கிறார்' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அவர் எதையும் சமன் செய்யவில்லை. இரண்டுக்கும் ஈடுகொடுக்கிறார், ஒன்றில் விட்டதை மற்றொன்றில் சரிக்கட்டுகிறார், பல நாள் தன் தூக்கத்தைக் கொடுத்துச் சமாளிக்கிறார். இந்த மூன்று வினைகளில் எதை எழுதினாலும் அவர் படும் பாடு வாசகருக்குத் தெரிந்திருக்கும். அதேபோல, நம் மலையில் 'இயற்கையின் பேலன்ஸ் கெட்டுவிட்டது' என்று அடிக்கடி எழுதப்படுகிறது. இங்கே சமநிலை என்று மாற்றிப் போட்டாலும் போதாது. சோலைகளுக்கு இடையே இருந்த புல்வெளிகளில் வெளிநாட்டிலிருந்து வந்த சீகை மரம் பரவி மூடிவிட்டது என்று எழுதினால், கெட்டது எது, எதனால் கெட்டது என்று படிப்பவருக்குப் புரியும். நல்ல சொல் கிடைத்த இடமும் உண்டு: சரிவிகித உணவு என்பதை யாரோ யோசித்து அமைத்திருக்கிறார்கள், இன்று அங்கன்வாடிச் சுவரில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளாத தாய் இல்லை.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. தங்கள் செய்திகளில் பணத்தைக் குறித்து இச்சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும், யார் யாருக்குத் தர வேண்டியது என்பது தெரியும்படி நிலுவை, இருப்பு, மீதி என்று பிரித்து எழுதச் செய்யுங்கள். அடுத்து, மாவட்டத்தில் இலை வாங்கும் தொழிற்சாலைகளும் கூட்டுறவு அமைப்புகளும் தரும் சீட்டுகளின் கடைசி வரியில் 'உங்களுக்கு வர வேண்டியது', 'நீங்கள் தர வேண்டியது' என்று இரண்டு கட்டங்களை அச்சிட வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும். கணினியில் ஒருமுறை மாற்றினால் போதும்; கூடுதல் தாள்கூட வேண்டாம். அதுவரை எங்கள் கிராமத்தில் அந்த வேலையை நான் பென்சிலால் செய்துகொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு வேறு நான்கு பேரும் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஐந்து பேரில் மூன்று பேர், தாங்கள் கட்ட வேண்டிய பணத்தைத் தங்களுக்கு வரப்போகும் பணம் என்றே எண்ணியிருந்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியை,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.