வரும் சனிக்கிழமை தராசு சரிபார்ப்பு

சபை வியாபாரிகள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசைப் பற்றித்தான். சனி மாலை 5 மணிக்கு மார்த்தாண்டம் கடைக்காரர்கள் ஆலய வளாகத்துக்குத் தராசோடு வாங்க.

1. தராசு சரி என்று அரசு தரும் முத்திரைச் சான்றிதழ் எடுத்து வாங்க. மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை கட்டாயம்.
2. 1 கிலோ படிக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்க. எடை மாறினால் முதலில் நீர்மட்டக் குமிழியைக் கவனியுங்க, பலகை சாய்ந்திருக்கும். மின்விசிறிக் காற்றும் எண்ணை ஆட்டும்.
3. அல்வா, சிப்ஸ் கடைக்காரர்களே, பெட்டியை வைத்து 'டேர்' (பெட்டி எடையைக் கழித்துப் பூஜ்யமாக்கும் பொத்தான்) அழுத்தின பிறகே சரக்கை நிறுங்க. அட்டையை அல்வா விலைக்கு விற்பதும் களவுதான், "எல்லாக் கடையிலும் இப்படித்தானே" என்றாலும்.
4. ரப்பர் ஷீட், நல்லமிளகு எடுப்பவர்கள் ஈரக்கழிவு (ஈரத்துக்காக எடையில் கழிப்பது) எவ்வளவு என்று பில்லில் எழுதுங்க.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் தராசு எண்ணிக்கையோடு பதில் போடுங்க.